தேனடைக்குள் ஒரு காரட்

காரட் பொரியலின் ஒரு துணுக்கு நாக்கில் பட்டதும் என் பேத்தியின் முகம் எப்படி மாறும் என்பது எனக்கு மனப்பாடம். வாய் அசைவது நிற்கும். கீழுதடு பிதுங்கும். நாக்கு மெல்ல வெளியே வரும். அதன் நுனியில் அந்தத் துணுக்கு, பல் படாமல், போனபடியே திரும்பி வந்திருக்கும். அப்புறம் ஒரே ஒரு சொல்: "வேணாம்." அவளுக்கு அப்போது இரண்டு வயதும் இரண்டு மாதமும். எட்டாம் மாதத்தில் அதே காரட்டை வேகவைத்து மசித்துக் கொடுத்தபோது கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டவளும் இவள்தான்.

ஒரு சனிக்கிழமை மாலை என் மகள் அலமாரியின் மேல்தட்டில் கிடந்த வாஃபிள் மேக்கரை இறக்கினாள். கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. இனிப்பு வாஃபிள் இரண்டு முறை செய்ததோடு சரி. அன்று மாவில் சர்க்கரைக்குப் பதிலாகச் சீரகமும் சீஸும் துருவிய காரட்டும் சேர்த்தாள். மூடியைத் திறந்தபோது கட்டம் கட்டமாய், விளிம்பில் பொன்னிறமாய், குழிகளில் ஆரஞ்சு இழைகள் தெரிய ஒரு வட்டம். குழந்தை ஒரு துண்டைக் கையில் வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கடித்தாள். மொறுக்கென்று ஒரு சத்தம். அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினாள்.

அதே காரட், அதே வாய். நடுவில் மாறியது எது? முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவளுக்கு இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. தேடப் போனபோது குழந்தையைப் பற்றியும் கற்றுக்கொண்டேன், அந்த அச்சைப் பற்றியும் கற்றுக்கொண்டேன். முதலில் குழந்தை.

*

பிறக்கும்போது 3 கிலோ இருக்கும் குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிவிடும். மூன்று மடங்கு. இரண்டாம் ஆண்டு முழுவதும் சேர்த்து ஏறுவதோ இரண்டரை கிலோ அளவுதான். வளர்ச்சியின் வேகம் இறங்கும்போது பசியும் கூடவே இறங்குகிறது. "போன வருஷம் நல்லா சாப்பிட்டான், இப்ப எதையுமே தொடமாட்டேங்கிறான்" என்று மருத்துவரிடம் போய் நிற்கும் அம்மாக்களில் பலர் பார்ப்பது நோயை அல்ல, இந்த இறக்கத்தைத்தான். தட்டில் நாம் வைக்கும் அளவு மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கிறது.

பசி குறையும் அதே காலத்தில் இன்னொன்றும் தலைதூக்குகிறது. புதிதாக எதைக் கண்டாலும் வாயை மூடிக்கொள்ளும் இயல்பு. இதைத் தமிழில் புத்துணவு அச்சம் என்று சொல்லலாம். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் தணியும். இது ஏன் நம்மிடம் இருக்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் எளிமையானது. மாட்டுக்குப் புல் போதும். எதைத் தின்பது என்று அது யோசிக்க வேண்டியதில்லை. மனிதன் எதையும் தின்னக்கூடியவன். எதையும் தின்னக்கூடிய உயிருக்குப் புது உணவு வாழ்வும் தரலாம், நஞ்சும் தரலாம். உளவியலாளர் பால் ரோசின் 1976 இல் இந்த இக்கட்டை விரிவாக எழுதினார். தவழும் குழந்தை அம்மா ஊட்டுவதைத் தின்கிறது. ஓடத் தொடங்கிய குழந்தை அம்மாவின் கண் மறைவில் புதரோரம் ஒரு காயைப் பறித்து வாயில் போட்டுக்கொள்ளலாம். கால் வந்த வயதில் நாக்குக்கும் ஒரு காவல் வந்தது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அந்தக் காவல் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதில் வளர்ப்புக்குப் பங்கு குறைவு. லண்டனில் லூசி குக், ஜேன் வார்டில் ஆகியோரின் குழு 8 முதல் 11 வயது வரையிலான 5,390 இரட்டையர் இணைகளிடம் இதை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டது. குழந்தைக்குக் குழந்தை காணும் வேறுபாட்டில் 78 சதவீதம் மரபு வழி வருவது என்று தெரிந்தது. "நீ பழக்கின லட்சணம்" என்று சொல்லும் உறவுக்காரர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டுக் கண் கலங்கிய எந்த அம்மாவுக்கும் இந்த எண்ணை நான் சொல்லிவைப்பேன்.

காவலாளி முதலில் தடுத்து நிறுத்துவது கசப்பை. 1970களில் இஸ்ரேலிய ஆய்வாளர் ஜேக்கப் ஸ்டெய்னர், பிறந்து சில மணி நேரமே ஆன, இன்னும் பால் குடிக்காத சிசுக்களின் நாக்கில் வெவ்வேறு சுவைகளைத் தொட்டு வைத்தார். இனிப்புக்கு முகம் மலர்ந்தது. கசப்புக்கு வாய் கோணி நாக்கு வெளியே தள்ளியது. கற்றுக்கொள்ள நேரமே கிடைக்காதவர்களின் முகங்கள் அவை. இனிப்பை உணர நம்மிடம் ஒரே வகை ஏற்பி. கசப்பை உணர ஏறத்தாழ 25 வகை. தாவரங்களின் நஞ்சுகளில் நிறைய கசக்கும் என்பதால் இத்தனை காவல். முட்டைக்கோஸிலும் பிராக்கோலியிலும் கந்தகம் கலந்த கசப்புப் பொருள்கள் இருக்கின்றன. 1931 இல் வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் "கசக்கிறது" என்றார், ஃபாக்ஸுக்கு எதுவுமே தெரியவில்லை. சிலருக்குக் கசப்பு, சிலருக்கு வெறும் தூசி. அந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணு 2003 இல் கண்டுபிடிக்கப்பட்டது. உங்கள் நாக்குக்குத் தித்திக்கும் கோஸ் பொரியல் உங்கள் குழந்தையின் நாக்கில் வேறொரு பண்டமாக இருக்கலாம் என்பதே இதன் பொருள். அவள் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? இங்கே நான் மிகவும் மதிக்கும் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் லீயன் பிர்ச். குழந்தைகளின் சாப்பாட்டுத் தட்டை நாற்பது ஆண்டுகள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1982 இல் அவர் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அதுவரை அறியாத பாலாடைக்கட்டிகளையும் பழங்களையும் கொடுத்தார். சிலவற்றை 2 முறை, சிலவற்றை 5 முறை, சிலவற்றை 10, 15, 20 முறை. எதை அதிக முறை ருசித்தார்களோ அதையே பிறகு விரும்பி எடுத்தார்கள். 1987 இல் இன்னொரு கேள்வி கேட்டார்: கண்ணால் பார்த்துப் பழகினால் போதுமா? போதாது. பார்த்துப் பழகிய பழம் கண்ணுக்குப் பிடித்துப்போனது. வாய்க்குப் பிடிக்க வாயில்தான் பட வேண்டியிருந்தது.

மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டு "இவளுக்குப் பிடிக்காது" என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். குழந்தையின் நாக்கு அப்போதுதான் விசாரணையைத் தொடங்கியிருக்கும்.

நம் வீடுகளில் கையாளும் இரண்டு வழிகளையும் பிர்ச் சோதித்திருக்கிறார். ஒன்று, பரிசு. "இதைச் சாப்பிட்டா ஃபோன் தரேன்." 1984 இல் வந்த ஆய்வில், ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லப்பட்ட குழந்தைகளுக்குப் பிறகு அந்தப் பானத்தின் மேல் விருப்பம் குறைந்திருந்தது. கூலி கொடுத்துச் செய்யச் சொல்லும் காரியம் நல்லதாக இருக்காது என்று குழந்தை கணக்குப் போடுகிறது. மற்றொன்று, வற்புறுத்தல். 2006 இல் ஏமி கேலோவேயும் பிர்ச்சும் சேர்ந்து செய்த சோதனையில் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்குப் பூசணி சூப்பும் மக்காச்சோள சூப்பும் வைத்தார்கள். ஒன்றை வைக்கும்போது "சூப்பைக் குடித்து முடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மற்றதற்கு வாயே திறக்கவில்லை. சும்மா விட்ட சூப்பைத்தான் குழந்தைகள் அதிகம் குடித்தார்கள். நிலாவைக் காட்டி ஊட்டியதில் தவறில்லை, அது சந்தோஷம். பூச்சாண்டியைக் கூப்பிட்டு ஊட்டியதுதான் வீண்.

எனக்கு இது எளிதில் வரவில்லை. தட்டோடு அவள் பின்னால் அலைந்திருக்கிறேன். "அவளுக்குப் பசிச்சா கேட்பா, விடும்மா" என்று மகள் சொன்ன நாள்களில் மனசு கேட்காமல் சமையலறையில் நின்று இன்னொரு வாய் உருட்டியிருக்கிறேன். பட்டினி பார்த்த தலைமுறையின் கை அது. ஊட்டாமல் இருப்பதே அன்பு என்று அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுக்க நாளாகிறது.

*

இனி அச்சு.

வாஃபிளின் பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. அதன் வேர் தேன்கூட்டையும் நெசவையும் குறிக்கும் ஜெர்மானியச் சொற்களோடு உறவுடையது. அறை அறையாகக் கட்டப்பட்ட மெழுகுத் தட்டு. தமிழில் அதற்குத் தேனடை என்று பெயர். அடை என்றால் அடுப்பில் சுடும் பண்டமும்தான். இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. அங்கும் இங்கும் மனிதர்கள் தேன்கூட்டைப் பார்த்துவிட்டு அடுப்பையும் நினைத்திருக்கிறார்கள்.

உப்புச் சுவை வாஃபிள் நேற்றைய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1390களில் பாரிஸில் எழுதப்பட்ட வீட்டுக் குறிப்பு நூல் ஒன்றில் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே மாவை ஊற்றிச் சுடும் முறை இருக்கிறது. அதில் ஒரு வகைக்குப் பாலாடைக்கட்டி சேர்க்கச் சொல்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்வௌட் அடுப்பின் மேல் வைத்துச் சுழற்றும் கைப்பிடி அச்சுக்கு 1869 ஆகஸ்ட் 24 அன்று காப்புரிமை பெற்றார். சர்க்கரைப் பாகும் ஐஸ்கிரீமும் சேர்ந்து இதை இனிப்புப் பண்டமாக நம் மனதில் பதியவைத்துவிட்டன. அவ்வளவே.

அச்சின் கட்டங்கள் அழகுக்காக மட்டும் வந்தவை என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு அச்சை அளந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே ஒன்றரை செ.மீ.; குழியின் வாய் 11 மி.மீ.; ஆழம் 8 மி.மீ. சுவர்கள் செங்குத்து என்று வைத்துக்கொண்டால், தட்டையான தோசையைவிட அதே பரப்பில் இரண்டரை மடங்கு மேற்புறம் கிடைக்கிறது. சூடான உலோகத்தைத் தொடும் பரப்பு இரண்டரை மடங்கு என்றால் மொறுமொறுப்பாகும் பரப்பும் இரண்டரை மடங்கு. நடுவில் மாவின் கனமோ ஒரு விரல் அளவுகூட இல்லை. சூடு எந்தப் பக்கமிருந்தும் சீக்கிரம் உள்ளே போய்விடும்.

இப்போது காய் இந்தக் கதைக்குள் நுழைகிறது. நுழைந்ததும் சிக்கலும் வருகிறது. காரட்டில் 88 சதவீதம் தண்ணீர். கீரையில் 90க்கும் மேல். சுரைக்காயிலும் சுக்கினியிலும் 95. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகத் தேவைப்படும் வெப்பத்தைப் போல் ஏழு மடங்குக்கும் அதிகமான வெப்பம், அதே தண்ணீரை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. அதனால்தான் காய் நிறையப் போட்ட வாஃபிள் மெத்தென்று தொய்ந்து அச்சோடு ஒட்டிக்கொள்கிறது. அச்சு 190 டிகிரியில் தகித்தாலும் தண்ணீர் இருக்கும்வரை மாவின் மேற்புறம் 100ஐத் தாண்டாது. நிறமும் மணமும் பிறப்பதற்கோ 140 டிகிரியாவது வேண்டும்.

அந்த நிறத்தை முதலில் விளக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் லூயி கமீல் மையார், 1912 இல். புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் கைகோத்து நூற்றுக்கணக்கான புதிய மணப் பொருள்களாகின்றன. தோசையின் விளிம்பு, வறுத்த கடலை, காப்பிக்கொட்டை எல்லாம் அந்த வினையின் பிள்ளைகள். படிப்படியாக அது எப்படி நடக்கிறது என்ற வரைபடத்தை அமெரிக்க வேதியியலாளர் ஜான் ஹாட்ஜ் 1953 இல் தந்தார். அதே 1953 இல்தான் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஃபிராங்க் டோர்ஸா உறைய வைத்த வாஃபிளைக் கடைகளுக்குக் கொண்டுவந்தார். காலைப் பரபரப்பில் பொன்னிறத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சூடுபடுத்தும் பழக்கம் அப்படித்தான் வளர்ந்தது.

ஆக, காய் வாஃபிளின் வெற்றி முழுக்கத் தண்ணீரை எப்படி வெளியேற்றுகிறோம் என்பதில் இருக்கிறது. துருவிய காயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு, செல்களின் சவ்வு வழியே தண்ணீரை வெளியே இழுக்கும். பிறகு மெல்லிய துணியில் கட்டிப் பிழியுங்கள். சுரைக்காயாக இருந்தால் கிண்ணத்தில் தேங்கும் தண்ணீரைப் பார்த்து நீங்களே வியப்பீர்கள். அதைக் கொட்டாமல் ரசத்தில் சேர்த்துவிடுவேன்.

நாங்கள் பல முறை மாற்றி மாற்றிச் செய்து இப்போது நிற்கும் அளவு இது. கோதுமை மாவு 90 கிராம், கார்ன் ஃப்ளார் 30 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, முட்டை இரண்டு, பால் 150 மில்லி, உருக்கிய நெய் 40 கிராம், துருவிய சீஸ் 40 கிராம், பிழிந்த காய்த் துருவல் 150 கிராம், பொடித்த சீரகம் கொஞ்சம். உப்பு தனியாக வேண்டாம். பிரிட்டிஷ் சுகாதாரத் துறை ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் உப்பைத்தான் உச்சவரம்பாக வைத்திருக்கிறது. சீஸிலும் துருவலிலும் இருப்பதே போதும்.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. முட்டை 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கிக் காய் இழைகளைப் பிடித்துக்கொள்கிறது. கோதுமையின் மாவுச்சத்து அதே சூட்டில் தண்ணீரை உறிஞ்சி வீங்குகிறது. கார்ன் ஃப்ளாரில் பசையம் கிடையாது. அது கலந்தால் மேலோடு ரப்பர்போல இழுபடாமல் மடக்கென்று உடையும். நெய், அச்சிலிருந்து மாவுக்குச் சூட்டைச் சீராகக் கடத்துவதோடு காரட்டின் பீட்டா கரோட்டினையும் கரைத்து வைக்கிறது. அந்தச் சத்து கொழுப்பில்தான் கரையும். வெந்த காரட்டோடு கொஞ்சம் நெய் சேரும்போது குழந்தையின் குடல் அதைப் பச்சைக் காரட்டிலிருந்து எடுப்பதைவிட நன்றாக எடுத்துக்கொள்கிறது. முட்டை சேர்க்காத வீடுகளில் நன்றாகப் புளித்த இட்லி மாவையே ஊற்றலாம். லியூகோனோஸ்டாக் என்ற நுண்ணுயிர் இரவெல்லாம் ஊதி வைத்த காற்று பேக்கிங் பவுடரின் வேலையைச் செய்துவிடும். ஓடு கொஞ்சம் கடினமாக வரும், அவ்வளவே.

மூடியை எப்போது திறப்பது? இயந்திரத்தின் விளக்கை நம்பாதீர்கள், ஆவியைப் பாருங்கள். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு பருக்கிறது. மூடிய தகடுகளுக்கு நடுவே மாவை உப்பவைப்பதும் அதுதான், ஓரங்களில் சீறிக்கொண்டு வெளியேறுவதும் அதுதான். சீற்றம் அடங்கி, ஆவி இழை இழையாக மெலிந்து நின்றுபோகும் கணத்தில் மேற்புறம் 100ஐத் தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு நிமிடம். பொன்னிறம் போதும், கரும்பழுப்பு வேண்டாம். மாவுப் பண்டங்கள் அளவுக்கு மீறிச் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற விரும்பத்தகாத பொருள் உருவாகிறது என்று ஸ்வீடனின் ஆய்வாளர்கள் 2002 இல் உலகுக்குச் சொன்னார்கள். சின்ன உடம்பு சாப்பிடும் இந்தப் பண்டத்தில் அதை நினைவில் வைப்பது நல்லது.

எடுத்ததும் தட்டில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். தட்டில் வைத்தால் அடிப்புறம் வியர்த்து ஐந்து நிமிடத்தில் நமுத்துவிடும். கம்பி வலையில் வையுங்கள். இல்லையென்றால் சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தாலும் போதும்.

மொறுமொறுப்பில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் என் பேத்தியின் வாய். பொரியலில் ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு மாதிரி. ஒரு துணுக்கு குழைவாக, ஒன்று நாராக, நடுவில் ஒரு கடுகு, ஒரு கறிவேப்பிலை. முன் கடைவாய்ப் பற்கள் வருவதே 13 முதல் 19 மாதத்தில். பின் கடைவாய்ப் பற்கள் இரண்டாம் பிறந்தநாளை ஒட்டித்தான் எட்டிப்பார்க்கும். அரைக்கும் கல் இன்னும் முழுதாகப் பொருத்தப்படாத வாய் அது. வாஃபிளோ முதல் கடியில் எப்படியோ கடைசிக் கடியிலும் அப்படியே. நேற்று எப்படியோ இன்றும் அப்படியே. சத்தமும் அந்த வாக்குறுதியின் பகுதி. ஆக்ஸ்போர்டில் ஸாம்பினியும் ஸ்பென்ஸும் 2004 இல் ஒரு சோதனை செய்தார்கள். சிப்ஸ் கடிக்கும் சத்தத்தைக் காதில் கூட்டிக் கேட்கவைத்ததும் அதே சிப்ஸ் அதிக மொறுமொறுப்பாக இருப்பதாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். காதும் சேர்ந்துதான் தின்கிறது. இதோடு இன்னொன்று: வாஃபிளைக் கையில் பிடிக்கலாம். கட்டத்தை ஒட்டி விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தால் எப்போது வாயில் வைப்பது, எவ்வளவு கடிப்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் குழந்தையின் கையில் இருக்கிறது. ஊட்டும் கை நடுவில் இல்லை.

*

நிறத்தில் ஒரு முறை பெரிதாகச் சறுக்கினோம். மாவைத் தயிரில் கரைத்து, பேக்கிங் பவுடருக்குப் பதில் சமையல் சோடா போட்டு, ஊதா முட்டைக்கோஸைத் துருவிச் சேர்த்தோம். சோடா கொஞ்சம் கூடிப்போயிருக்க வேண்டும். வெந்து வந்தது பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறத்தில். கோஸின் ஊதா நிறமி புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலப் பச்சையாகும் என்று வகுப்பறையில் எத்தனையோ முறை செய்து காட்டியவள் நான். குழந்தை அதைத் தொடவில்லை. அதைவிடக் கவலை தந்தது, அடுத்த நான்கு நாள்கள் நல்ல காரட் வாஃபிளையும் அவள் தொடாமல் இருந்தது. பழகிய உருவத்துக்குள் பழகாத ஒன்று வந்துவிட்டால், உருவத்தின் மேலிருந்த நம்பிக்கையே போய்விடுகிறது. கீரையிலும் இதே கவனம் வேண்டும்: தயிரின் புளிப்பில் பச்சையத்தின் மக்னீசியம் கழன்றுவிடும், பசுமை மங்கிப் பாசி நிறமாகும். பாலில் கரைத்த மாவென்றால் பச்சை கொஞ்சம் தங்கும். பீட்ரூட் இந்தச் சூட்டில் பழுப்பாகிவிடுகிறது. அதை நாங்கள் விட்டுவிட்டோம்.

இந்தச் சறுக்கல்தான் ஒளித்துவைப்பது பற்றிய என் எண்ணத்தை உறுதியாக்கியது. காயைத் தெரியாமல் அரைத்து மாவில் கலந்துவிடுங்கள் என்று பலர் சொல்கிறார்கள். அதற்குச் சான்றும் இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸின் குழு 2011 இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் காலையில் சுக்கினி ரொட்டி, மதியம் பாஸ்தா என்று காய்விழுதை ஒளித்துக் கொடுத்தார்கள். காய் உள்ளே போன அளவு கணிசமாகக் கூடியது, குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. சத்துக் கணக்கில் இது வெற்றிதான். எடை ஏறாத, காய் எதையுமே ஏற்காத குழந்தையின் அம்மா இதைச் செய்தால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

ஆனால் பிர்ச் காட்டியதை நினைத்துப் பாருங்கள். இருபது முறை ருசித்தால் விருப்பம் வருகிறது. எதை ருசிக்கிறோம் என்று நாக்குக்கும் கண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒளித்த காரட் இருபது முறை உள்ளே போனாலும் குழந்தை காரட்டைச் சந்தித்திருக்காது. வாஃபிளைத்தான் இருபது முறை சந்தித்திருக்கும். என்றாவது ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால், அவள் நம்பியிருந்த ஒரு பண்டமும் சந்தேகப் பட்டியலில் போய்ச் சேரும். நம்பும் பண்டங்கள் பத்து இருக்கும் குழந்தைக்கு ஒன்றை இழப்பது சின்ன விஷயம் இல்லை.

அதனால் எங்கள் வீட்டு அச்சில் காரட் கண்ணுக்குத் தெரியும். முதல் இரண்டு வாரம் மெல்லிய துருவலாக, குறைவாக. பிறகு கொஞ்சம் தடித்த துருவல், கொஞ்சம் கூடுதல். "இதுல என்ன இருக்கு பாட்டி?" என்றால் "காரட்" என்ற பதில்தான். பிறகு வாஃபிளின் பக்கத்தில் அதே காரட் வெந்த துண்டாக, ஒன்றே ஒன்று. தின்னச் சொல்வதில்லை. ஜேன் வார்டிலின் குழு 2003 இல் வெளியிட்ட ஆய்வில் பெற்றோர்கள் 14 நாள்கள் தினமும் ஒரே காயில் ஒரு துணுக்கு ருசிக்கக் கொடுத்தே விருப்பத்தைக் கூட்டியிருந்தார்கள். எங்களுக்கு அதைவிட அதிக நாள் ஆனது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, அவள் துண்டைத் தொட்ட நாளுக்கு ஒரு புள்ளி, நக்கிய நாளுக்கு ஒரு கோடு, கடித்த நாளுக்கு ஒரு வட்டம் என்று நான் குறித்துவந்தேன். புள்ளிகளே இரண்டு வரிசை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா மறுப்பும் வயதோடு தணிகிற மறுப்பு இல்லை. எடை இறங்குகிறது, ஏற்கும் உணவுகளின் எண்ணிக்கை மாதாமாதம் சுருங்குகிறது, விழுங்கும்போது அடிக்கடி புரையேறுகிறது, சாப்பாட்டு நேரம் முழுக்கக் கதறலாகவே போகிறது என்றால் வாஃபிளும் வேண்டாம், இந்தக் கட்டுரையும் வேண்டாம். குழந்தை மருத்துவரைப் பாருங்கள். 2013 இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இப்படிப்பட்ட கடுமையான தவிர்ப்பைத் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டது. உணவு விழுங்கப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். மற்ற குழந்தைகளுக்கும் ஓர் எச்சரிக்கை: பச்சைக் காரட்டை வட்டமாகவோ கட்டையாகவோ வெட்டி நான்கு வயதுக்கு முன் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அந்தத் தாளில் முதல் வட்டம் விழுந்தது ஒரு மழை நாளில். மின்சாரம் போய்விட்டதால் வாஃபிள் பாதி வெந்த நிலையில் அச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. மகள் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தாள். மேசையில் பேத்தியின் தட்டில் இருந்தது வெந்த காரட் துண்டு மட்டும். இருட்டில் எனக்கு அவள் முகம் தெரியவில்லை. கடிக்கும் சத்தம்கூட இல்லை, வெந்த காரட் சத்தம் போடாது. வெளிச்சம் வந்தபோது துண்டில் பாதி இல்லை. மீதிப் பாதியை இரண்டு விரலால் பிடித்து என் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பாட்டி, ஆ."